ஒரு குளத்தைச் சுற்றி மூன்று நாள்: வன்னிக்குக் கமராவோடு முதல்முறை வருகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் கமராவோடு, இலங்கையின் வடக்கில் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கும் வன்னிக்கு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். விடிய ஆனையிறவு, பத்து மணிக்கு முறிகண்டி, மத்தியானம் வற்றாப்பளை, பின்னேரம் மன்னாரில் பூநாரை. ஒரே நாளில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். இரவு அவர்கள் காட்டும் படங்களைப் பார்த்தால் மனம் நோகும். பூநாரை தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கச்சான் விற்கிற அம்மாவின் கண் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு நிழல். கோயிலுக்குப் பின்னால் வெளிறிப்போன வானம். எடுத்தவர் கெட்டிக்காரர், கமராவும் விலை கூடியது. உச்சி வெயிலும் அவசரமும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன.

அதனால் முதன்முதலாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு குளத்தைத் தெரிவுசெய்து, மூன்று நாள் அந்த ஊரிலேயே நில்லுங்கள்.

வன்னியில் குளத்தை நம்பித்தான் ஊர் எழும்பியது. புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், அக்கராயன்குளம், வவுனிக்குளம் என்று ஊரின் பெயரிலேயே குளம் இருக்கும். மேற்புறம் காடு, கீழ்ப்புறம் வயல், குளக்கட்டில் ஒரு மருதமரம், மரத்தின் கீழ் ஒரு பிள்ளையாரோ ஐயனாரோ. காட்டு மிருகம் தண்ணீர் குடிக்க இறங்குவதும் இங்கேதான், சனம் குளிக்க வருவதும் இங்கேதான், பொங்கல் பானை ஏறுவதும் இங்கேதான். நீங்கள் தனித்தனியாகத் தேடி வந்த மூன்றும் நடந்து போகிற தூரத்துக்குள் கிடக்கின்றன. இரணைமடு போன்ற பெரிய குளம் முதல் தடவைக்கு வேண்டாம். அக்கரையில் நிற்கும் பறவை எந்த லென்ஸுக்கும் எட்டாது. ஒரு கரையிலிருந்து கூப்பிட்டால் மறுகரையில் கேட்கிற அளவுள்ள ஊர்க்குளம் போதும்.

எப்போது வருவது

தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை. வேறு மாதம் கேட்டாலும் முதல்முறைக்கு இதைத்தான் சொல்வேன். மாரி ஓய்ந்து குளம் நிரம்பி நிற்கும். பெரும்போக நெல் மஞ்சளாகி அரிவு வெட்டு நடக்கும். ஒக்ரோபரில் வரத் தொடங்கிய வலசைப் பறவைகள் மார்ச், ஏப்பிரல் வரை நிற்கும் என்பதால் அவையும் இருக்கும். விடியற்காலையில் குளத்தின்மேல் மெல்லிய பனி படர்ந்திருக்கும். வெயிலும் பொறுக்கக்கூடியது.

யானையை முக்கியமாக நினைக்கிறவர்கள் ஆடி, ஆவணியில் வரலாம். குளங்கள் வற்றி, மிச்சமிருக்கிற தண்ணீருக்கு எல்லா மிருகமும் வரவேண்டிய காலம் அது. ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கிறவல் வீதியின் செம்மண்ணை அள்ளி லென்ஸுக்குள் போடும், காலை எட்டரைக்கே வெளிச்சம் கடுமையாகிவிடும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம், வைகாசியிலேயே வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடுத் திருவிழா. இவற்றுக்கு வருகிறவர்கள் சனக்கூட்டத்துக்குள் படம் எடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

கொண்டு வரவேண்டியவை

போன் மட்டும் இருந்தாலும் வாருங்கள். பறவையை விட்டுவிட்டு ஆட்களையும் வயலையும் கோயிலையும் எடுங்கள், நல்ல படம் வரும். பறவை வேண்டுமென்றால் 300 மி.மீ. லென்ஸாவது வேண்டும். பழைய 70-300 ஒன்று போதுமானது. ஆட்களுக்கு 35 மி.மீ. அல்லது 50 மி.மீ.

முக்காலியை விட ஒரு சீலைப்பை உதவும். பழைய காற்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு வாயைத் தைத்துக் கொண்டு வாருங்கள். இங்கே வந்து முக்கால்வாசிக்கு நெல் நிரப்பி மற்ற வாயையும் கட்டிவிடுங்கள். உமி இலேசு, லென்ஸின் பாரத்துக்கு நழுவும். நெல் அமர்ந்து கொடுக்கும். வாகனக் கண்ணாடியை இறக்கி, கதவின் மேல் இந்தப் பையைப் போட்டு, அதில் லென்ஸைப் புதைத்து வைத்தால் கை நடுக்கம் நின்றுவிடும். குளக்கட்டில் படுத்துக்கொண்டு எடுக்கும்போதும் இதே பைதான். போகும்போது நெல்லை யாருடைய கோழிக்காவது கொட்டிவிட்டுப் போகலாம்.

ஆனையிறவு, வங்காலை, சுண்டிக்குளம் பக்கம் போனால் உப்புக்காற்று கமராவில் படியும். அன்றிரவே நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கால் வைக்கக்கூடாத இடங்கள்

இதை வாசிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

போர் 2009இல் முடிந்தது. முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகு பத்து வருடம் தாண்டியும் நடந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, சிவப்பு நாடா, சிவப்புப் பூசிய கட்டை எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் ஓரடி கூட வைக்க வேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊரவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். மாடு போன தடத்தில் போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். மாடும் வெடியில் செத்திருக்கிறது. மாரிக்குப் பிறகு மண் கரைந்து பழைய வெடிபொருள் வெளியே தெரிவதுண்டு. குனிந்து படம் எடுக்காமல், தொடாமல், வந்த வழியே திரும்பி, ஊரவருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

காட்டுப் பாதையில் கட்டுத்துவக்கு இருக்கும். பன்றிக்கும் மானுக்கும் களவாகக் கட்டுவது. பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி, தட்டுப்பட்டால் வெடிக்கும். கமராவின் கண்ணுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நடக்கிறவருக்கு அது தெரியாது. நடக்கும்போது நடவுங்கள், எடுக்கும்போது நில்லுங்கள். பாதை தெரிந்த ஊரவர் ஒருவர் கூட வராமல் காட்டுக்குள் போகவே வேண்டாம். குளத்திலும் குளிக்கிற துறையைத் தவிர வேறிடத்தில் இறங்காதீர்கள், முதலை இருக்கும்.

இராணுவ முகாம், காவலரண், சோதனைச் சாவடி எதுவும் படத்தின் மூலையில் கூட விழக்கூடாது. ஒருமுறை விடியப்புறம் குளத்துப் பனியை எடுத்துக்கொண்டு நின்றேன். பின்னால் மரங்களுக்குள் காவலரண் இருந்தது எனக்குத் தெரியாது. வந்தவர்கள் மெமரி கார்ட்டை முழுதாக அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். இரண்டு நாள் வேலை ஒரு பொத்தானில் போனது. அதில் ஒரு கிழவர் தன் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த படமும் இருந்தது. அதன்பிறகு இடத்துக்கு ஒரு சின்னக் கார்ட் மாற்றிக்கொள்கிறேன், இரவு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கொண்டு வந்து ஊரவரையும் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

முதல் நாள்

முதல் நாள் கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். தேத்தண்ணிக் கடையில் இருங்கள். "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார்கள். தகப்பன் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள்; அரைமணி நேரத்துக்குள் உங்கள் பெரியப்பாவோடு படித்த ஒருவர் வந்துவிடுவார். இங்கே சொந்தம் இல்லாதவர் என்றால் அதையே சொல்லுங்கள், குறைவாக நினைக்க மாட்டார்கள். விதானையாரிடம் (கிராம அலுவலர்) ஒரு சொல், கோயில் நிர்வாகத்தில் ஒருவரிடம் ஒரு சொல். இதற்குக் கடிதம் ஒன்றும் வேண்டாம், நேரில் போய் நின்று கதைத்தால் போதும்.

பறவையைப் பற்றிக் கேட்கச் சரியான ஆள் குளத்தில் வலை போடுகிறவர். பின்னேரம் வலை விரித்து, விடிய முன் இழுக்கிறவர்கள் அவர்கள். எந்த மூலையில் தண்ணீர் ஆழமில்லை, கூழைக்கடா எங்கே கூட்டமாய் இறங்கும், யானை எந்த இறக்கத்தால் வரும் என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். பின்னேரம் குளக்கட்டில் ஒருமுறை முழுதாக நடந்து, நாளைக்கு எங்கே இருப்பது என்று முடிவு செய்யுங்கள்.

அந்த முடிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகில் இருக்கவேண்டும் என்றால், குளத்தின் கிழக்குக் கரையில் இருந்து மேற்கே பார்க்க வேண்டும். தை, மாசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நீர்ப்பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆகவே கிழக்கிலோ வடகிழக்கிலோ இருக்கிறவருக்கு வெளிச்சமும் முதுகுப்பக்கம், பறவையும் அவரை நோக்கியே எழும்பி வரும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் இது தலைகீழ்: பின்னேரத்தில் மேற்குக் கரை நல்லது. பறவையின் பின்புறத்தையே எடுத்துக்கொண்டு போகிறவர்களில் பலர் பிழையான கரையில் இருந்தவர்கள்.

விடியற்காலைக் குளம்

இந்தப் பக்கம் சூரியன் வருடம் முழுவதும் ஆறு மணிக்குக் கிட்டத்தட்டத்தான் எழும்பும், தையில் ஏறக்குறைய ஆறரை. ஐந்தரைக்கு நீங்கள் இடத்தில் இருக்கவேண்டும். கட்டின் உச்சியில் நிமிர்ந்து நடந்தால் வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் தெளிவாகத் தெரியும்; குளம் முழுவதும் எழும்பிப் போய்விடும். கட்டுக்குக் கீழ்ப்புறத்தால் நடந்து, இருக்கப்போகிற இடத்தில் மட்டும் ஏறி, உடனே இருந்துவிடுங்கள். கருஞ்சாம்பல், காய்ந்த புல் நிறத்தில் சட்டை. வெள்ளை வேண்டாம்.

வெளிச்சம் வரும்வரை கமராவை ஒழுங்கு செய்யுங்கள். நின்று மேய்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி, பறக்கிறதற்கு 1/2000. லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து விடுங்கள். வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானாக மாறவிட்டு, மேல் எல்லையை 3200இல் நிறுத்துங்கள். ஆறு மணி வெளிச்சத்தில் 1/2000 கிடைக்காது. அப்போது பனிக்குள் வலை இழுக்கிறவரின் நிழலுருவத்தை எடுங்கள், பறவை காத்திருக்கும்.

வெள்ளைப் பறவைதான் புதியவர்களை ஏமாற்றுவது. பின்னால் கரும்பச்சைக் காடு, முன்னால் ஒரு கொக்கு. கமரா காட்டை அளந்து, "இருட்டாய் இருக்கிறது" என்று வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு ஒன்றும் தெரியாமல் வெள்ளைத் தாளாகிவிடும். இப்படியான இடத்தில் ஒளியளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறையுங்கள். அதே கொக்கு வெளிறிய வானத்துக்கு எதிரே பறந்தால் மறுபக்கம்: கமரா வானத்தை அளந்து குறைத்துவிடும், கொக்கு சாம்பலாகும். அப்போது ஒரு படி கூட்டுங்கள். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே இறகு வரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த அளவோடு தொடரலாம்.

பறவையின் கண்ணில் லென்ஸைக் குவியுங்கள், கண் தெளிவாக இல்லாத படம் எவ்வளவு அழகான இறகைக் காட்டினாலும் உயிரில்லாமல் இருக்கும். முடிந்த அளவு கமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். ஒன்பது மணிக்கு மேல் பொறுக்கிக்கொண்டு நின்றும் பயனில்லை. நிலத்திலிருந்து எழும்பும் சூட்டில் காற்றே நெளியும், தூரத்துப் படம் எல்லாம் தண்ணீருக்குள் பார்த்தது போலக் கலங்கும். இதற்கு விலையான லென்ஸும் மருந்தில்லை. ஆனையிறவு, வங்காலை வெளிகளில் இது இன்னும் சீக்கிரமாகத் தொடங்கும்.

"அண்ணை, கல்லெறிஞ்சு எழுப்பிவிடவோ?" என்று பெடியள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்றும் சொல்லுங்கள். ஊசிவால் வாத்து வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை வெருட்டி எழுப்பும்போதும் அது தின்ற தீனி வீணாகிறது. ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், அதன் முட்டை உங்கள் காலடிக்குக் கிட்டக் கல்லோடு கல்லாகக் கிடக்கிறது என்று பொருள். காலைப் பார்த்து வைத்துப் பின்வாங்குங்கள். கூட்டையும் யானை இறங்கும் இடத்தையும் எடுத்த படங்களை இணையத்தில் போடும்போது இட விபரத்தை அழித்துவிட்டுப் போடுங்கள்.

பூநாரைக்கு என்று தனியே ஒரு காலை ஒதுக்கலாம். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இருக்கிறது. வீதியோரத்தில் வாகனத்துக்குள் இருந்தே எடுக்கலாம். இறங்கிச் சேற்றில் நடந்தால் பூநாரை நடந்து நடந்தே தள்ளிப் போய்விடும். வாகனத்துக்குள் நெல்லுப் பையோடு அரைமணி நேரம் அசையாமல் இருந்தால், மேய்ந்துகொண்டே கிட்ட வரும். சுண்டிக்குளம் 1938இலிருந்து பறவைச் சரணாலயம், 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

யானைக்குப் பின்னேரம். வாகனத்தை விட்டு இறங்காதீர்கள், வாகனத்தின் முன்பக்கத்தை வந்த வழிக்குத் திருப்பியே நிறுத்துங்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். காதை விரித்துத் தும்பிக்கையைச் சுருட்டி நேரே பார்த்தால் படம் போதும், எடுங்கள் வாகனத்தை. இரவில் காவற்கொட்டிலில் விழித்திருக்கிற கமக்காரனுக்கு அந்த யானை அழகான படம் இல்லை, ஒரு போகத்து நெல். அவரிடம் "இன்றைக்கு யானை வருமோ?" என்று ஆசையோடு கேட்காதீர்கள்.

வயலில்

இப்போது அரிவு வெட்டு பெரும்பாலும் மெசினில்தான். அரிவாளோடு பெண்கள் வரிசையாக நிற்கும் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து, யாராவது ஒரு அம்மாவின் கையில் அரிவாளைக் கொடுத்து நிற்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். உண்மையில் நடக்கிறதே போதிய அழகு. வெட்டு மெசின் கிளப்பும் தூசி பின்னேர வெயிலில் பொன்னாகும். சூரியனுக்கு எதிரே நின்று எடுங்கள். விதைப்புக் காலத்தில் சேற்றை உழும் இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகளும் நத்தைகொத்தி நாரைகளும் கூட்டமாக ஓடிவரும், 35 மி.மீ. லென்ஸிலேயே பறவைப் படம் கிடைக்கிற இடம் அதுதான்.

நான் திரும்பத் திரும்ப எடுக்கிற காட்சி ஒன்று. வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள். ஒரு அம்மா வெறுங்காலோடு, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து, நெல்லுக்குள் நேர்கோடாக நடப்பார். கால் போன வழியில் நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சால் விழும். ஈர நெல் மேலே வரும். திரும்பி வந்து பக்கத்தில் இன்னொரு சால். பின்னேரம் நாலரைக்கு வெயில் சாயும்போது ஒவ்வொரு சாலுக்கும் ஒரு நிழல் விழுந்து, வீதி முழுவதும் வரிவரியாகிவிடும். அந்த நேரத்தில் நிலத்தோடு தாழ்ந்து, அவரின் பாதத்துக்குக் கிட்ட எடுங்கள். ஆனால் நெல்லைச் செருப்போடு மிதிக்காதீர்கள்.

ஆட்கள்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வன்னிச் சனத்தைக் கமராக்கள் நிறையப் பார்த்துவிட்டன. பதிவுக்கு, முகாமில், உதவி கொடுக்கும்போது, செய்திக்கு என்று எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டு போனார்கள். படம் திரும்பி வரவில்லை. மறுபக்கத்தில், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டு அல்பங்களை இழந்த குடும்பங்கள் அதிகம். தாயின் முகம், கலியாணப் படம், பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் என்று ஒன்றும் மிஞ்சாத வீடுகள் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, அவர்கள் மடியில் வைத்திருந்தது படங்களைத்தான். பலருக்கு அது அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தது. இந்த ஊரில் ஒரு படத்துக்கு என்ன பெறுமதி என்று தெரிந்துகொண்டு கமராவைத் தூக்குங்கள்.

முதலில் கேளுங்கள். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டோ?" அவ்வளவுதான். "என்னையோ? விடு தம்பி" என்று சிரித்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனால், சீலை மாற்றிக்கொண்டு வரப் போகிறார், பொறுங்கள். வேலையை விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேண்டாம் என்பதுதான், இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

சம்மதித்தவர் நிமிர்ந்து, கையைப் பக்கவாட்டில் விட்டு, சிரிக்காமல், ஸ்ரூடியோவில் நிற்பதுபோல நிற்பார். "இயல்பாக நில்லுங்கோ" என்று சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டிய படம் அதுதான். கண் மட்டத்துக்குக் கமராவை இறக்கி, நிழலுக்குள் நிற்க வைத்து, அதையே மிகக் கவனமாக முதலில் எடுங்கள், தலையிலிருந்து கால் வரை. எடுத்ததைக் காட்டுங்கள். பிறகு அவர் தன் வேலைக்குத் திரும்புவார், நீங்களும் ஒரு பிளேன் ரீயோடு அங்கேயே இருப்பீர்கள். நீங்கள் தேடிய படம் அந்த இரண்டாவது அரைமணி நேரத்தில் வரும்.

பிள்ளைகளை எடுக்கத் தாயிடமோ தகப்பனிடமோ கேளுங்கள். பள்ளிக்கூடப் பெயர் தெரியும் உடுப்போடு எடுத்ததை இணையத்தில் போடாதீர்கள். ரொபி கொடுத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள். பெண்கள் தனியே குடும்பம் நடத்தும் வீடுகள் இங்கே நிறைய. அந்த வாசலில் நெடுநேரம் நிற்காதீர்கள், நீங்கள் போன பிறகு ஊர்க் கதைக்குப் பதில் சொல்வது அவர். காலிழந்தவரிடம் காலைக் காட்டச் சொல்லாதீர்கள். போரில் செத்தவர்களை நினைக்கிற மே 18இல் முள்ளிவாய்க்காலிலும், மாவீரர் நாளான நவம்பர் 27இல் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களிலும் அழுகிறவர்களின் முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். உங்கள் படத்தில் முகம் தெரிந்ததால் அவரை யாராவது விசாரிக்க வரக்கூடும். அங்கே விளக்கை எடுங்கள், கையை எடுங்கள், அல்லது கமராவை வைத்துவிட்டு நில்லுங்கள்.

கோயில்

மூலஸ்தானத்தை எடுக்கக்கூடாது, ஐயர் சம்மதித்தாலும் நான் எடுப்பதில்லை. ஆண்கள் மேலாடை கழற்றி வேட்டியோடு போங்கள். பிளாஷ் வேண்டாம். உள்வீதி இருட்டில் ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/60, தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்து எடுங்கள். தீபத்தை எடுக்கும்போது சுடருக்கு அளவு வையுங்கள், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். காவடிக்கு முன்னால் பின்நடையாக நடந்து எடுப்பது ஆபத்து. உருக்கொண்டு ஆடுகிறவரின் வழியை மறிக்காதீர்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் கரையில் இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் உப்புநீர் எடுத்து, அந்த நீரில் விளக்கெரிக்கிற வழக்கம் உண்டு. முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் எரிந்து, பிறகு வற்றாப்பளைக்குப் போகும். பொங்கல் இரவுக் கூட்டத்தைவிட இந்தத் தீர்த்தம் எடுக்கிற பின்னேரம் புதியவருக்கு நல்லது. கடற்கரை வெளிச்சமும் நடந்துவரும் சனமும் சேர்ந்து கிடைக்கும்.

திருக்கேதீஸ்வரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். இன்று நிற்கும் கருங்கல் வேலை புதியது, 2022இல் குடமுழுக்குக் கண்டது. பழங்கோயில் பார்க்க வருகிறவர்கள் கோபுரத்திலேயே கண்ணை வைத்திராமல் பாலாவித் தீர்த்தக் கரைக்கு இறங்குங்கள். சிவராத்திரியில் சனம் பாலாவியில் குடத்தில் நீர் அள்ளிவந்து மகாலிங்கத்துக்குத் தாங்களே ஊற்றும். குடம், ஈரக் கை, கல்லில் வழியும் நீர்: 50 மி.மீ. லென்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள்.

எனக்குப் பிடித்தவை குளக்கட்டுக் கோயில்கள். ஒரு கல், ஒரு சூலம், எண்ணெய்க் கறை, காய்ந்த பூ. செருப்பைக் கழற்றுங்கள், பூவைக்கூட நகர்த்தாதீர்கள். தேய்ந்த கல்லெழுத்து அகப்பட்டால் சுண்ணாம்போ எண்ணெயோ பூசாமல், போன் விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானாகத் துலங்கும்.

மூன்றாம் நாள் பின்னேரம்

இதற்கு வேறு வேலை வைக்காதீர்கள். மத்தியானம் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய், எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு படம் அச்சடியுங்கள். போனில் அனுப்பிவிட்டேன் என்று விடாதீர்கள். போன் உடையும், நம்பர் மாறும். நிமிர்ந்து நின்ற அந்த முதற் படத்தைத்தான் அச்சடிக்க வேண்டும், உங்களுக்குப் பிடித்ததை அல்ல. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற அளவுக்கு, 8×12 அங்குலத்தில். கறையானுக்கும் மாரி ஈரத்துக்கும் தப்ப லமினேற் செய்யுங்கள்.

நெல் கிளறிய அம்மா ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இரண்டு கையையும் சீலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பின்னால் நின்ற மாட்டின் பெயரைச் சொன்னார். "என்ரை கலியாணப் படம் எல்லாம் மாத்தளனுக்குப் போகேக்கை விட்ட பெட்டிக்குள்ளை" என்றார். மாத்தளன், போரின் கடைசி மாதங்களில் சனம் போய் ஒதுங்கிய கடலோர ஊர். பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னுக்குத் திகதியைப் போட்டுத் தா தம்பி" என்று நீட்டினார். லமினேற் செய்திருந்தேன். பிளாஸ்டிக்கின் மேல் எழுதியது அடுத்த மாரிக்குள் அழிந்துபோனது, நான் திரும்ப ஒரு பிரதி அடித்துக் கொண்டுபோனேன். ஆகவே பெயர், ஊர், திகதி மூன்றையும் அழியாத மைப் பேனையால் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மை காய்ந்த பிறகு லமினேற்றுக்குக் கொடுங்கள்.